மடக்காத கால்

போன வாரம் தம்பிக்காரனை வாசலில் பெட்டியோடு நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டேன். பாவம், கால் கடுத்திருக்கும். முதலில் அவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்போம்.

உட்கார்ந்தும் விட்டான். அதுவும் எங்கே? தாத்தாவின் நாற்காலியில்!

வாரம் தவறாமல் வருகிறவர்களுக்கு இந்த வீட்டுக் கதை தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டிரைவிங் ஸ்கூல் நடத்திய தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர், மீதிப் பேரைச் சிரிக்க வைத்தவர். அவருடைய ஒரே மகள் அந்த ஸ்கூலின் ஆபீஸ் மேஜையிலேயே தலை நரைத்தவள். மகளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் தாத்தாவோடு கூடவே இருந்து தொழில் கற்று, இப்போது அவர் இடத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறாள். இளையவன் வெளியூரில் ரேடியோவில் பேசுகிறான். பேச்சுதான் அவனுக்குச் சாப்பாடு.

தாத்தா எல்லோருக்கும் வண்டிச் சாமான்களிலிருந்துதான் பேர் வைப்பார். பிறந்த நாளிலிருந்து வாயை மூடாத பேரனுக்கு ‘ஹாரன்’. பேத்திக்கு ‘இண்டிகேட்டர்’. “இவ எந்தப் பக்கம் திரும்பப் போறான்னு இவ மூஞ்சியே முன்னாடி காட்டிக் குடுத்துடும்” என்பார்.

அன்று காலையிலிருந்தே அந்த மூஞ்சி மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் வீட்டோடு சேர்ந்த ஸ்கூல் முற்றத்தில் கூட்டம். தாத்தாவிடம் ஓட்டக் கற்றவர்கள் எல்லாம் வந்து, அவர் சொன்னதையும் சிரிக்க வைத்ததையும் நினைத்துப் பேசப் போகிறார்கள். மூத்தவளின் யோசனைதான் அது. ஆனால் தம்பி வருகிறான் என்று தெரிந்ததும் ஊரெல்லாம் அது ‘ரேடியோத் தம்பி பேசற கூட்டம்’ ஆகிவிட்டது. வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

எரிகிற வயிற்றோடுதான் காலைப் பாடத்துக்குக் கிளம்பினாள்.

பழைய வண்டி. அதில் இரண்டு பிரேக். ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பவர் காலடியில். இந்த இரண்டாவது பிரேக்கின் ரப்பர் நடுவில் தேய்ந்து குழிந்து போயிருக்கும். எல்லாம் தாத்தாவின் செருப்பு செய்த வேலை. அதன் மேல் இப்போது மூத்தவளின் கால் இருந்தது.

ஓட்டுகிற இருக்கையில் ஊருக்குப் புதிதாக வந்த மருந்துக்கடைக்காரி. கெட்டிக்காரிதான். ஆனால் நாற்சந்தியைக் கண்டால் கை உதறும். சரியாக நடுச்சந்தியில் வண்டி குலுங்கி நின்றுவிட்டது. பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது.

மூத்தவள் வாயைத் திறந்தாள். இந்த இடத்துக்கென்றே தாத்தாவின் வார்த்தை ஒன்று உண்டு. அதைச் சொல்ல அவளுக்குத் தனிப் பிரியம்.

அதற்குள் மருந்துக்கடைக்காரி முந்திக்கொண்டாள். “அடிக்கட்டும் அடிக்கட்டும். பின்னாடி ஹாரன் அடிக்கிறவன் என்ன எனக்கு மாமனாரா?” சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். கை உதறல் நின்றது. வண்டி கிளம்பியது.

“இதை எங்க கேட்டீங்க?”

“ரேடியோலதான். காலைல ஒரு தம்பி பேசுவாரே, தாத்தா சொன்னது தாத்தா சொன்னதுன்னு. எங்க கடைல அது ஓடலைன்னா மாத்திரை எடுக்கக் கை வராது.”

“அது எங்க தாத்தா.”

“அப்படியா! நீங்களும் தினம் கேக்கறீங்களா?”

மூத்தவள் தன் காதிலிருந்து புகை வந்ததா என்று மட்டும் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள்.

மத்தியானம் முற்றத்தில் அம்மா நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தாத்தாவின் படம் ஒரு ஸ்டூலின் மேல் இருந்தது. படத்திலும் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரிதான் இருந்தார்.

“அம்மா, யார் முதல்ல பேசறது?”

“தம்பியே ஆரம்பிக்கட்டும். பேசிப் பழகினவன். நீ கடைசில ரெண்டு வார்த்தை சொல்லு.”

“கடைசிலயா? ரெண்டா?”

“மூணு சொல்லேன். யார் வேண்டாம்னா?”

“தினம் தாத்தா பக்கத்துல உக்காந்தது நானு. பேசறது அவனா?”

“நீ பக்கத்துல உக்காந்த. அவன் பக்கத்துல இல்ல. அதான் பேசறான்.” அம்மா துணியை உதறினாள். “இருக்கறவங்களுக்கு வேலை இருக்கும். போனவங்களுக்குப் பேச்சு இருக்கும்.”

அம்மா எப்போதும் இப்படித்தான். ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி ஊற்றுவது போல எதையாவது சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விடுவாள்.

முன்வரிசையில் ஒரு நாற்காலியை அவள் இரண்டு தடவை துடைத்ததை மூத்தவள் கவனித்தாள்.

“இது யாருக்கு?”

“எதிர்ப்பக்கத்து வாத்தியாருக்கு.”

தெருவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு டிரைவிங் ஸ்கூல். நெடுநெடுவென்று உயரமான மனிதர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. தாத்தாவுக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. “அவர்கிட்ட கத்துக்கிட்டவன் நேராப் போவான். திரும்பணும்னா என்கிட்டதான் வரணும்” என்று வருகிறவர்களிடம் எல்லாம் தாத்தா சொல்லிச் சிரிப்பார்.

“அவரையா கூப்பிட்ட? தாத்தா இருந்தா…”

“தாத்தா இல்லையே” என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “ஆளோட சண்டையும் போச்சு. போய் டீக்குத் தண்ணி வை.”

உள்ளே போனால் ஹாரன் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தான். தாத்தாவின் கறுப்புக் கண்ணாடி அவன் மூக்கின் மேல்.

“எப்படி இருக்கு அக்கா?”

“கண்ணாடி நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப நானு?”

“எடுத்த இடத்துல வை.”

“சாயங்காலம் போட்டுக்கிட்டுப் பேசலாம்னு பாத்தேன். ஒரு எடுப்பா இருக்கும்.”

“வைடான்னா!”

வைத்துவிட்டான். ஆனால் வைத்த இடம் தப்பு. தாத்தா எப்போதும் கண்ணாடியைச் சாவி மாட்டும் ஆணிக்குக் கீழே, மடக்காமல்தான் வைப்பார். அவன் மடக்கி மேஜை மேல் வைத்தான். மூத்தவள் அதை எடுத்து, பிரித்து, உரிய இடத்தில் வைத்தாள். இதுகூடத் தெரியாதவன் ஊருக்கெல்லாம் தாத்தாவைச் சொல்கிறானாம்!

அந்தச் சின்னச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டுதான் சாயங்காலம் வரை ஓட்டினாள்.

வெயில் தாழ்ந்ததும் ஒவ்வொருவராக வந்தார்கள். ரொட்டிக் கடைக்காரர், ஆஸ்பத்திரி நர்ஸ், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், காலையில் பார்த்த மருந்துக்கடைக்காரி. அவளுக்குத் தாத்தாவைத் தெரியாது, ரேடியோத் தம்பியைப் பார்க்க வந்தவள். எதிர்ப்பக்கத்து வாத்தியாரும் வந்தார். அம்மா காட்டிய நாற்காலியில் உட்காராமல் கடைசி வரிசைக்குப் போனார்.

ஹாரன் எழுந்தான். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் பேசினான். தாத்தாவின் குரலை அப்படியே தொண்டையில் கொண்டு வந்தான்.

“கண்ணாடியில உன் அழகு தெரிஞ்சா கண்ணாடியைத் திருப்பு. பின்னாடி வர்றவன் அழகுதான் உனக்குத் தெரியணும்.”

சிரிப்பு.

“பெயிலாயிட்டியா? நல்லதாப் போச்சு. இன்னும் கொஞ்ச நாள் என் மூஞ்சியைப் பாக்கணும். நஷ்டம் உனக்குத்தான்.”

ரொட்டிக் கடைக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். மூன்று தடவை பெயிலானவர் அவர்.

“வண்டிக்கு ரிவர்ஸ் இருக்கு, வாய்க்குக் கிடையாது. பாத்துப் பேசு.”

இப்படியே போயிருந்தால் மூத்தவளும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆனால் அவன் குரலைத் தாழ்த்தினான்.

“கடைசில ஆஸ்பத்திரில. சக்கர நாற்காலில வெச்சுத் தள்ளிட்டுப் போறோம். உடம்புல ஒண்ணுமே இல்ல. வராந்தா முடிஞ்சு வார்டு பக்கம் திரும்பணும். தாத்தா மெதுவா தலையைத் திருப்பிச் சொல்றாரு, ‘கண்ணு, திரும்பறப்போ கையைக் காட்டு.’”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நர்ஸ் மூக்கை உறிஞ்சினாள்.

மூத்தவள் மட்டும் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அந்த நாற்காலியைத் தள்ளியது அவள். அந்த ‘கண்ணு’ அவள். வராந்தாவில் அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் மட்டும் சொன்னாள். அம்மா ஃபோனில் மகனிடம் சொல்லியிருக்கிறாள். ‘தள்ளிட்டுப் போறோம்’ என்கிறானே, அந்த ‘றோம்’ எங்கிருந்து வந்தது?

ஹாரன் நிறுத்தவில்லை.

“அப்புறம் அந்தக் கால் கதை! அதைச் சொல்லாம எப்படி? தாத்தா முதல் பாடத்துலயே என்ன சொல்வாரு?”

“என் காலு பிரேக்கு மேல இருக்கு, நீ தைரியமா ஓட்டு!” என்று மொத்தக் கூட்டமும் ஒரே குரலில் சொன்னது.

“ஆங்! நானும் அந்தக் காலை நம்பித்தானே ஓட்டினேன். பாலம் ஏறி, பாலம் இறங்கி, சந்தையைத் தாண்டி வந்து நிறுத்திட்டுத் திரும்பிப் பாக்கறேன். செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு, மனுஷன் சீட்டு மேல சம்மணம் போட்டு உக்காந்திருக்காரு! ‘தாத்தா, கால் எங்க?’ன்னேன். ‘சந்தைக்கு முன்னாடியே மடக்கிட்டேன்டா. இனிமே நீ என்னை வெச்சு ஓட்டலை, நீயே ஓட்டற’ன்னாரு.”

“எனக்கும்!” என்று ரொட்டிக் கடைக்காரர் கையைத் தூக்கினார்.

“எனக்கும்தான். மார்க்கெட் ரோட்டுல” என்றாள் நர்ஸ்.

“எனக்கு மழையில மடக்கினாரு. உயிரே போச்சு” என்றார் வேன் ஓட்டுகிறவர்.

எனக்கும், எனக்கும் என்று கை மேல் கை எழுந்தது. தாத்தா கொடுக்கிற சர்டிபிகேட் அதுதானாம். லைசென்ஸ் எல்லாம் அப்புறம்தானாம்.

மூத்தவளின் கை மடியிலேயே கிடந்தது.

அவளுக்குத் தெரியும், தாத்தா கால் மடக்குவார் என்று. தொழில் ரகசியம் மாதிரி அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அவளுக்கு மடக்கியதில்லை. ஒரு நாள்கூட இல்லை. கற்றுக்கொண்ட காலத்தில் இல்லை, லைசென்ஸ் வாங்கிய பிறகு இல்லை, அவளே நாலு பேருக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கிய பிறகும் இல்லை. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தால் அந்தச் செருப்பு தேய்ந்த ரப்பரின் மேல் போய் உட்கார்ந்துவிடும். இத்தனை நாளாக அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வயசான மனிதர், பழக்கம் என்று விட்டிருந்தாள்.

இத்தனை கை ஒன்றாகத் தூக்கி நிற்பதைப் பார்த்த பிறகு எப்படி விடுவது? மூன்று தடவை பெயிலான ரொட்டிக் கடைக்காரரை நம்பியிருக்கிறார். அவளை நம்பவில்லை.

“இப்ப எங்க அக்கா பேசுவாங்க” என்றான் ஹாரன்.

எழுந்தாள். சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து கோத்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. வந்தது வேறு.

“அந்த நாற்காலியைத் தள்ளினது நானு” என்றாள். “இவன் அங்க இல்ல. தாத்தா படுத்துக்கிடந்தப்ப ஒரு நாள் இவன் வந்து நிக்கல. ‘ஹாரன் வந்துட்டானா’ன்னு அவர் வாசலையே பாத்துட்டுக் கிடந்தாரு. இவனுக்கு ரேடியோ இருந்துச்சு. ரேடியோல தாத்தாவைப் பத்திப் பேசணுமே, தாத்தாவைப் பாக்க எப்படி நேரம் இருக்கும்?”

ரொட்டிக் கடைக்காரரின் சிரிப்பு பாதியில் நின்று முகத்திலேயே காய்ந்தது. ஹாரன் தலையைக் குனிந்துகொண்டான். வாயே மூடாதவனின் வாய் மூடிக்கொண்டது. ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

வண்டிக்கு ரிவர்ஸ் இருக்கிறது. வாய்க்குத்தான் கிடையாதே.

அதற்குப் பிறகு கூட்டம் என்ன கூட்டம்? டீயைப் பாதி குடித்ததும் குடிக்காததுமாக எழுந்து போனார்கள். எதிர்ப்பக்கத்து வாத்தியார் மட்டும் படத்தின் முன்னால் கொஞ்சம் நின்றார். அம்மாவிடம் என்னமோ சொன்னார். அம்மா தலையாட்டினாள். பிறகு அவரும் தெருவைக் கடந்து போய்விட்டார்.

மூத்தவள் போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டாள். சொல்லிக் கொடுப்பவரின் இருக்கை. கோபம் வந்தாலும் அழுகை வந்தாலும் அவளுக்கு அதுதான் இடம். இன்னும் விளக்குப் போடுகிற அளவுக்கு இருட்டவில்லை.

அந்தப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஹாரன் வந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தான்.

“இறங்குடா.”

“திட்டறதுன்னா திட்டு. இறங்க மாட்டேன்.”

“திட்டி என்ன ஆகப்போகுது? உனக்குக் கை தட்ட ஆள் இருக்கு.”

“நீ சொன்னதுல ஒண்ணும் தப்பு இல்ல அக்கா. நான் வந்திருக்கணும். நாளைக்கு நாளைக்குன்னு…” அவன் ஸ்டியரிங்கைத் தடவினான். “அம்மா அந்த நாற்காலிக் கதையைச் சொன்னப்போ, நானும் அங்க இருந்த மாதிரி சொல்லிப் பாத்தேன். ரெண்டு மூணு தடவை சொன்னதும் நிஜமாவே இருந்த மாதிரி ஆயிடுச்சு. சொல்லாம இருந்தா, நான் அங்க இல்லங்கறது ஞாபகம் வந்துடுது.”

மூத்தவளுக்குக் கோபத்தை விட மனசில்லை. பிடித்துக்கொள்ளவும் பிடி கிடைக்கவில்லை. கடைசியில் அடிவயிற்றில் கிடந்ததே வெளியில் வந்துவிட்டது.

“எனக்கு அவர் மடக்கலைடா.”

“எதை?”

“காலை. ஊருக்கே மடக்கினாரு. உனக்கு மடக்கினாரு. எனக்கு ஒரு நாள் மடக்கலை.”

ஹாரன் அவளையே பார்த்தான். முதலில் சிரிக்கப் போகிறான் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை.

“அது எனக்குத் தெரியாதா?” என்றான். “பின் சீட்டுல உக்காந்து அதைத்தானே பாத்துட்டு வருவேன். நீ ஓட்டுவ. தாத்தா என்னென்னமோ கதை சொல்வாரு. கால் மட்டும் அங்கயே இருக்கும். எனக்குப் பத்திக்கிட்டு வரும்.”

“உனக்கா?”

“பின்ன? எனக்கு நாலாவது வாரமே மடக்கிட்டாரு. சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அப்புறம் பாத்தா ரொட்டிக் கடைக்காரருக்கும் மடக்கியிருக்காரு. யார் பேர் என்னன்னே தெரியாதவங்களுக்கெல்லாம் மடக்கியிருக்காரு. அந்த வரிசையில நானும் ஒருத்தன். கால் எடுக்காத ஒரே ஆளு நீதான். நீ ஓட்டறப்போ அவருக்கு இருப்புக் கொள்ளாது. அப்படி எனக்காக அவர் பயந்ததே இல்ல.”

“நம்பிக்கை இல்லைடா அது!”

“நீ அப்படி நினைக்கறியா? நான் இப்படித்தான் நினைச்சேன். இன்னிக்குக் கூட்டத்துல அந்தக் கதையை ஏன் அவ்வளவு சத்தமாச் சொன்னேன்னு நினைக்கற?”

இரண்டு பேரும் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

அப்போதுதான் மூத்தவளுக்கு அது நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரி வராந்தா. திருப்பம். “திரும்பறப்போ கையைக் காட்டு” என்று சொன்னபோது அவள் குனிந்து பார்த்தாள். போர்வைக்குக் கீழே அந்த எலும்புக் கால், சக்கர நாற்காலியின் மிதிதட்டை அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே ஏது பிரேக்? ஆனாலும் அழுத்திக்கொண்டுதான் இருந்தது.

இதை அவள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது தம்பியிடம் சொல்லலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது.

வேண்டாம். சொன்னால் நாளைக் காலையில் மருந்துக்கடையில் ஓடும்.

கதவு தட்டப்பட்டது. அம்மா.

“பின்னாடி போடா” என்றாள் மகனிடம்.

“ஏம்மா?”

“போன்னா போ.”

ஹாரன் இறங்கிப் பின் இருக்கைக்குப் போனான். அம்மா ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். நாற்காலி துடைத்த துணி இன்னும் தோளிலேயே இருந்தது.

“ரெண்டு பேரும் பேசினது முற்றம் வரைக்கும் கேக்குது” என்றாள். “ஒருத்திக்குக் கால் எடுக்கலைன்னு வருத்தம். ஒருத்தனுக்குக் கால் எடுத்துட்டாருன்னு வருத்தம். எங்கப்பாவோட காலுக்கு எவ்வளவு கிராக்கி!”

“அம்மா…”

“நான் ஒண்ணு கேக்கறேன். எனக்கு அவர் கால் எங்க வெச்சாருன்னு தெரியுமா உங்களுக்கு?”

இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. தெரியாததாலா? இல்லை, தெரிந்ததால்தான். அந்த வீட்டில் அது பழைய ஜோக். அம்மா சின்ன வயசில் எனக்கும் ஓட்டச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்கும்போதெல்லாம் தாத்தா சொல்வார்: “உனக்குச் சொல்லிக் குடுத்துட்டா ஆபீஸ் ஃபோனை யார் எடுக்கறது?” வந்தவர்கள் சிரிப்பார்கள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துச் சிரித்தே ஃபோன் எடுத்துக்கொண்டு காலம் போய்விட்டது. நேற்றுவரைக்கும் மூத்தவளும் அதற்குச் சிரித்தவள்தான்.

“உங்களுக்குக் காலாவது இருந்துச்சு” என்றாள் அம்மா. “எனக்கு அந்த சீட்டே கிடைக்கல. நீ ஓட்டக் கத்துக்கிட்ட அன்னிக்கு நான் வாசல்ல நின்னு கை ஆட்டினேனே, ஞாபகம் இருக்கா? கை ஆட்டினதைத்தானே பாத்த. உள்ள என்ன இருந்துச்சுன்னு பாத்தியா? பெத்த பொண்ணைப் பாத்து அப்படி இருக்கக் கூடாதுதான். இருந்துச்சு. என்ன பண்றது?”

“சாரிம்மா” என்றாள் மூத்தவள்.

“சாரி எல்லாம் அப்புறம். சாவியைக் குடு.”

“இப்பவாம்மா? இருட்டப் போகுது. நாளைக்குக் காலைல மைதானத்துல…”

“குடுடி.”

கொடுத்தாள். அம்மா சாவியை நுழைத்தாள். இன்ஜின் உறுமியது.

அந்தச் சத்தம் கேட்டதுதான் தெரியும். மூத்தவளின் கால் யாரையும் கேட்காமல் இரண்டாவது பிரேக்கின் மேல் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்ததா? தரையோடு தரையாக மிதித்தது. அம்மாவுக்குத் தெரியுமா தெரியாதா, நம்பலாமா கூடாதா என்று எதையும் அந்தக் கால் யோசிக்கவில்லை. அம்மா ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிறாள், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. தேய்ந்த ரப்பரின் குழி அவள் பாதத்துக்குச் சரியாகப் பொருந்தியது.

அவள் குனிந்து தன் காலையே பார்த்தாள். இதைத்தான் இத்தனை நாள் நம்பிக்கையின்மை என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாளா?

“காலை எடுடி” என்றாள் அம்மா. “நீ மிதிச்சுக்கிட்டே இருந்தா வண்டி எப்படி நகரும்?”

எடுக்க முடியவில்லை. கொஞ்சமாகத் தளர்த்தினாள். ரப்பரின் மேல் சும்மா வைத்துக்கொண்டாள்.

“என் காலு…” என்று ஆரம்பித்தாள். மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். “என் காலு பிரேக்கு மேல இருக்கும்மா. நீ தைரியமா ஓட்டு.”

பின் இருக்கையிலிருந்து ஹாரன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

அம்மா தலைக்கு மேலிருந்த கண்ணாடியை அண்ணாந்து பார்த்தாள். அதில் அவள் முகம் தெரிந்தது. ஒரு விரலால் அதைத் திருப்பினாள். பின்னால் இருந்த கேட் தெரிந்தது. கிளட்சை மிதித்தாள். ரிவர்ஸ் போட்டாள். கியர் ஒரு முனகல்கூட இல்லாமல் விழுந்தது.

அந்த கேட் குறுகல். ரொட்டிக் கடைக்காரர் அதில் இரண்டு பக்கமும் இடித்திருக்கிறார். மூத்தவளே இரண்டாவது முயற்சியில்தான் வெளியே எடுப்பாள். அம்மா ஒரு கையை இருக்கையின் முதுகில் போட்டுக்கொண்டு, தலையைத் திருப்பி, ஒரே இழுப்பில் வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்து நேராக்கி நிறுத்தினாள்.

பின்னாலிருந்து ஒரு தலை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே நீண்டது.

“அம்மா” என்றான் ஹாரன். அவனுக்கே கேட்காத குரலில்தான் வந்தது. “உனக்கு ஓட்டத் தெரியுமா?”

“தெரியாமலா உக்காந்தேன்?”

“தாத்தா சொல்லிக் குடுத்தாரா?” மூத்தவளுக்குத் திடீரென்று அந்தப் பழைய எரிச்சல் மறுபடியும் தலை தூக்கியது. யாருக்கும் தெரியாமல் அம்மாவுக்குமா? “எங்ககிட்ட சொல்லவே இல்லையே! எப்ப சொல்லிக் குடுத்தாரு?”

அம்மா இண்டிகேட்டரைப் போட்டாள். டிக் டிக்கென்று அது துடித்தது. தெருவுக்கு எதிர்ப்பக்கம், இன்னொரு டிரைவிங் ஸ்கூலின் வாசலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நெடுநெடுவென்று உயரமான ஒருவர் அதற்குக் கீழே நின்று, வண்டி வெளியே வந்த அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்து யாரும் பார்த்திராத மனிதர்.

சிரித்துக்கொண்டிருந்தார்.

“உங்க தாத்தா இல்ல” என்றாள் அம்மா. ஸ்டியரிங்கை அந்தப் பக்கமாகத் திருப்பினாள்.